எச்.ஐ.வி.யிடம் தப்பியவர்கள் மாரடைப்புக்கு இரையாவது ஏன்?

1986ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தபோது அதற்கு மருந்து கிடையாது. 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுபவர் இன்று முதுமை வரை வாழலாம்.

ஆனால், ஆயுள் நீண்டவர்களுக்குப் புதிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. அது இதயநோய்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. மருந்தினால் வைரஸ் அடங்கிவிட்டாலும் உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு முழுதாக ஓய்வதில்லை. உள்ளுக்குள் நீறுபூத்த நெருப்பாகத் தொடரும் அழற்சி, ரத்தக்குழாய்களில் கொழுப்பு படிவதை விரைவுபடுத்துகிறது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மாரடைப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது?

மாரடைப்பு வந்தவர்களையும் இதய ரத்தக்குழாய் அடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர்களையும் பற்றிய 15 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் 'ஜாமா நெட்வொர்க் ஓபன்' இதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. மாரடைப்புக்குப் பின் எச்.ஐ.வி. உள்ளவர்கள் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 1.6 மடங்கு என்று அது கூறுகிறது. மீண்டும் மாரடைப்பு வருவதும், இதயம் செயலிழந்து மருத்துவமனையில் சேர்வதும் இவர்களிடம் அதிகம்.

இதற்கு நோய் மட்டுமே காரணமல்ல. மாரடைப்புடன் வரும் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் போன்ற சிகிச்சைகள் குறைவாகவே செய்யப்படுவதை அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகள் காட்டின. வசதி மிக்க நாட்டிலேயே இந்த நிலை!

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டாம் கட்ட எச்.ஐ.வி. சிகிச்சையில் தரப்படும் ரிட்டோனாவிர், சில இதய மருந்துகளோடு ஒத்துப்போகாது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கொடுக்கும் குளோபிடோக்ரெலின் பலனை அது குறைக்கிறது. டிகாக்ரெலோரின் அளவை ரத்தத்தில் ஏற்றி ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டுகிறது. கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினை அதனோடு சேர்க்கவே கூடாது. மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால், நோயாளி எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுவது தெரிந்தால்தானே மருத்துவரால் மாற்றிக் கொடுக்க முடியும்?

இங்குதான் மறைப்பு உயிரைப் பறிக்கிறது. சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்று நோயாளி பயப்படுகிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் நாம்தான். தொற்று எப்படி வந்தது என்று துருவுவதும், தனிப் படுக்கை போட்டு ஒதுக்குவதும் அவரை வாய் மூட வைக்கின்றன. கணவரிடமிருந்தோ தாயிடமிருந்தோ தொற்றைப் பெற்றவர்களும் இதே தண்டனையை அனுபவிக்கிறார்கள்.

நல்ல செய்தியும் உண்டு

இந்தியா உட்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த 'ரிப்ரீவ்' ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. 40 முதல் 75 வயதுக்குட்பட்ட எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தினமும் பிடாவாஸ்டாட்டின் மாத்திரை கொடுத்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன. அவர்கள் வழக்கமான கணக்கின்படி இதயநோய் அபாயம் குறைந்தவர்கள் அல்லது நடுத்தர அபாயம் உள்ளவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. சிலருக்குச் சர்க்கரை நோய் வருவது சற்றுக் கூடியதால், மருத்துவர் ஆலோசனையுடன்தான் இதைத் தொடங்க வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி நியாயமின்றிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்கிறது. சம்மதமின்றி ஒருவரின் தொற்று நிலையை வெளியிடுவதையும் அது பொதுவாக அனுமதிப்பதில்லை.

ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாதந்தோறும் வருபவரின் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றையும் தவறாமல் பார்க்க வேண்டும். நெஞ்சு வலியோடு மருத்துவமனைக்கு வரும் ஒருவர், தான் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களைத் தயங்காமல் சொல்லும் நிலை வர வேண்டும். அந்தத் துணிவை அவருக்குக் கொடுப்பது மருத்துவமனையின் கடமை மட்டுமல்ல; குடும்பத்துக்கும் ஊருக்கும் அதில் பங்கு உண்டு.