கூடையைக் கூடத்தில் திறக்காதீர்கள்

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு கூடை வீட்டுக்குள் வருகிறது. உள்ளே இரண்டு மாதக் குட்டி கீச்சுக்குரலில் கத்திக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் ஏற்கெனவே எட்டு வயதுப் பூனை ஒன்று உண்டு. சோபாவின் வலது ஓரம் அதனுடையது. வெயில் விழும் ஜன்னல் திட்டும் அம்மாவின் மடியும் அதனுடையவை. பிள்ளைகளுக்கு ஆவல் தாங்கவில்லை. கூடத்தின் நடுவிலேயே மூடியைத் திறந்து, குட்டியைத் தூக்கிப் பெரிய பூனையின் முகத்துக்கு நேராக நீட்டி, "இங்க பாரு, உனக்குத் தம்பி வந்திருக்கான்" என்கிறார்கள்.

பெரிய பூனையின் காதுகள் தலையோடு படிகின்றன. கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகிறது. ஒரு சீறல், ஒரு தாவல். அது பீரோவின் உச்சிக்குப் போய்விடுகிறது. அன்றிரவு சாப்பாட்டுத் தட்டுப் பக்கம் வருவதில்லை. மறுநாள் மெத்தையில் சிறுநீர். மூன்றாம் நாள் வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்: "இதுக்குப் பொறாமை."

பொறாமை என்ற சொல்லால் இந்தக் காட்சி விளங்காது. குற்றம் பெரிய பூனையிடம் இல்லை, குட்டியிடமும் இல்லை. மூடியைத் திறந்த இடமும் திறந்த வேகமும்தான் தவறு. முதல் சில நிமிடங்களில் மனிதர் காட்டும் அவசரத்துக்கு இரண்டு உயிர்கள் மாதக்கணக்கில் விலை கொடுக்கின்றன. கொஞ்சம் பொறுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய துயரம் இது.

தம்பி என்பது மனித உறவு. பூனையின் கணக்கு வேறு. இன்றைய வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கப் பகுதிகளின் காட்டுப்பூனை வழி வந்தவை என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்தியது. அந்தக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடும், தனியாகச் சாப்பிடும், தன் எல்லையைத் தானே காக்கும். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் மனிதருக்கு அருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. மனிதரோடு அத்தனை காலம் பழகியும், எல்லை காக்கும் குணம் பூனையை விட்டுப் போகவில்லை.

பூனைகளுக்குக் கூட்டுவாழ்க்கையே தெரியாது என்றும் சொல்ல முடியாது. மீன் இறங்குதளங்களில் கவனித்தால் தெரியும். தாயும் மகள்களும் சகோதரிகளுமாகச் சேர்ந்து வாழும். ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுக்கும். ஆனால் அது உறவுக்காரர்களின் கூட்டம். வெளியாள் நுழைந்தால் துரத்தத்தான் பார்க்கும். சொந்தம், அந்நியம் என்று பிரிப்பதற்கு அவற்றிடம் உள்ள முதல் கருவி மூக்கு.

பூனை கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் நம் கணுக்காலிலும் கன்னத்தைத் தேய்ப்பதைப் பார்த்திருப்போம். கன்னத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையை அது அங்கே பூசிவைக்கிறது. பூசிய இடமெல்லாம் 'இது என் வீடு, பயமில்லை' என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மேலண்ணத்தில் ஜேகப்சன் உறுப்பு என்ற இன்னொரு மோப்பக் கருவியும் உண்டு. சில வாசனைகளை முகர்ந்ததும் பூனை வாயைப் பாதி திறந்து முகத்தைச் சுளிப்பது அதற்காகத்தான். இப்படி வாசனையால் கட்டிய வீட்டுக்குள், யார் வாசனையும் கலக்காத ஒரு குட்டியைத் திடீரென்று கொண்டுவந்து நிறுத்துகிறோம். பெரிய பூனைக்கு அது பூட்டிய வீட்டில் புகுந்த ஆள்.

இலண்டன் டவுனிங் தெருவின் கதையை எடுத்துக்கொள்ளலாம். 2011இல் பாட்டர்சீ காப்பகத்திலிருந்து பிரதமர் இல்லத்துக்கு வந்தது லேரி என்ற பூனை. அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுக்கு, நிதியமைச்சரின் பூனை ஃப்ரேயா வந்தது. இரண்டும் அடித்துக்கொண்ட செய்தி நாளிதழ்களில் வந்தது. 2016இல் வெளியுறவு அலுவலகத்துக்குப் பால்மர்ஸ்டன் என்ற பூனை அதே காப்பகத்திலிருந்து வர, லேரியோடு அதன் சண்டைகள் புகைப்படக்காரர்களின் கண்முன்னாலேயே நடந்தன. ஃப்ரேயா 2014இல் வெளியேறியது. பால்மர்ஸ்டன் 2020இல் கிராமப்புறத்துக்கு ஓய்வுபெற்றுப் போனது. லேரி இருந்த இடத்திலேயே இருந்தது. அமெரிக்க வெள்ளை மாளிகையிலும் இதே நிலைமைதான். பில் கிளின்டன் குடும்பத்தின் சாக்ஸ் என்ற பூனை, 1997 டிசம்பரில் வந்த பட்டி என்ற நாய்க்குட்டியைக் கடைசிவரை ஏற்கவே இல்லை. 2001இல் பதவிக்காலம் முடிந்தபோது பட்டி குடும்பத்தோடு போனது. முதலில் வந்த சாக்ஸைத்தான் கிளின்டனின் செயலாளர் தன் வீட்டுக்குக் கூட்டிச்செல்ல வேண்டியிருந்தது. அத்தனை அறைகளும் ஆட்களும் உள்ள வீட்டிலேயே இப்படியென்றால், ஒற்றைப் படுக்கையறை அடுக்ககத்தில் எவ்வளவு கவனம் வேண்டும்!

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. ஏற்கெனவே பூனை உள்ள வீட்டுக்குக் காப்பகத்திலிருந்து இன்னொன்றைக் கூட்டிச்சென்றவர்களிடம் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய விசாரணை 2005இல் வெளியானது. ஏறக்குறைய பாதி வீடுகளில் தொடக்கத்தில் கீறலும் கடியுமாகச் சண்டை நடந்திருந்தது. முதல் சந்திப்பு மோசமாக அமைந்த வீடுகளில் பிறகும் சண்டை தொடர்வது அதிகமாக இருந்தது. முதல் சந்திப்பை அவசரப்பட்டு நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

அப்படியானால் என்ன செய்வது? குட்டிக்குத் தனி அறை. தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி எல்லாம் அங்கேயே. தனி அறை இல்லாத வீட்டில், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் பெரிய கூண்டு வைத்துப் பழைய பெட்ஷீட்டால் மூடினால் போதும். இந்தப் பிரிவு இன்னொரு விதத்திலும் கட்டாயம். தெருவிலிருந்து வந்த குட்டி உண்ணியும் குடற்புழுவும் படர்தாமரையும் சளிக்காய்ச்சலும் கொண்டுவரக்கூடும். பேன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் குட்டிகளைக் கொத்தாகக் கொல்வது. அந்தக் கிருமி வீட்டுத் தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே கால்நடை மருத்துவரிடம் காட்டி, இரண்டு வாரமாவது தள்ளிவைப்பது பெரிய பூனைக்கும் பாதுகாப்பு. அதன் தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்க்கவேண்டியதும் அப்போதுதான்.

பிறகு மூக்குக்கு வேலை கொடுக்க வேண்டும். ஒரு பழைய காட்டன் துணியால் குட்டியின் கன்னத்தையும் காதோரத்தையும் மெல்லத் துடைத்து, அதைப் பெரிய பூனை நடமாடும் இடத்தில் சும்மா போட்டு வையுங்கள். படுக்கும் இடத்தில் வேண்டாம். அது அதன் கடைசிப் புகலிடம். பெரிய பூனை பின்னங்கால்களைப் பின்னாலேயே ஊன்றிக்கொண்டு, ஓடத் தயாராக, கழுத்தை மட்டும் நீட்டித் துணியை முகரும். மீசை முன்னால் வரும். சீறிவிட்டு விலகலாம், விலகட்டும். விலகாமல் நின்றால் அதற்குப் பிடித்த மீன் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். நாலைந்து நாளில் அதே துணியைத் தாண்டித் தன் வேலையைப் பார்க்கப் போகும். அந்த அலட்சியம்தான் வேண்டிய வெற்றி. இதேபோலப் பெரிய பூனையின் துணி குட்டியின் அறைக்குப் போக வேண்டும்.

அடுத்தது மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. பெரிய பூனை தட்டை விட்டுவிட்டுக் கதவையே முறைத்தால் தட்டு இன்னும் இரண்டடி தள்ளிப் போக வேண்டும் என்று பொருள். அது நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கிய பின், இருவருக்கும் அறையை மாற்றிக் கொடுக்கலாம். ஒன்றின் இடத்தை மற்றது ஆளில்லாத நேரத்தில் முகர்ந்து பார்க்கும். அதற்கும் பிறகுதான் கண்ணுக்குக் காட்டுவது. நம் வீடுகளில் இருக்கும் கம்பிக் கொசுவலைக் கதவு இதற்கு நன்றாகவே உதவும். வலை வழியாகப் பார்த்துப் பழகியபின், ஐந்து நிமிடம் ஒரே அறையில் விடலாம். அதற்கு முன்னால் குட்டியை நூலில் கட்டிய இறகின் பின்னால் ஓடவிட்டுக் களைப்பாக்க வேண்டும்.

தள்ளிவைத்த அந்த இரண்டு வாரம் போக, இதெல்லாம் சில வீடுகளில் பத்து நாளில் முடியும், சில வீடுகளில் மூன்று மாதம் ஆகும். நாள் கணக்கைப் பெரிய பூனைதான் சொல்ல வேண்டும்.

வீட்டில் வெளிப்படையான சண்டை இல்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைப்பது இன்னொரு தவறு. பூனைகள் சத்தமில்லாமலும் போரிடும். மணல் தட்டுக்குப் போகும் வழியில் ஒன்று படுத்துக்கொண்டு முறைக்கும். மற்றது திரும்பிப் போய் மெத்தையில் கழித்துவிடும். பார்ப்பவருக்கு ஒன்று தூங்குவதுபோலத் தோன்றும், மற்றது அசிங்கம் செய்ததுபோலத் தோன்றும். 2024இல் அமெரிக்கப் பூனை மருத்துவர்களின் சங்கம், ஒரே வீட்டுப் பூனைகளுக்கிடையிலான பதற்றத்துக்கென்றே தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. முறைப்பதும் வழிமறிப்பதும் அதில் முக்கிய அறிகுறிகளாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே இரண்டு பூனைக்கு மூன்று மணல் தட்டு, அவையும் வெவ்வேறு இடத்தில். தண்ணீரும் சாப்பாடும் அப்படியே. இரண்டையும் ஒரே தட்டில் சாப்பிடவைத்து ஒற்றுமையைக் காட்டப் பார்ப்பது வேண்டாத வேலை. பசிக்காகப் பொறுத்துக்கொள்வதை நட்பு என்று எண்ணிவிடுவோம்.

சிறுநீர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மன அழுத்தம் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சியாகவே வெளிப்படக்கூடும். கண்ட இடத்தில் போவது வலியின் அடையாளமாக இருக்கலாம், பழிவாங்கல் அல்ல. கடுவன் பூனை முக்கி முக்கி ஒரு சொட்டும் வராமல் தவித்தால், அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். இரண்டு நாளாகச் சாப்பிடாத பூனையையும் 'கோபம், தானாகச் சரியாகும்' என்று விடக்கூடாது. பட்டினி அதன் கல்லீரலைக் கெடுக்கும்.

வயதை மறப்பதுதான் இருப்பதிலேயே கொடுமை. 12 வயதைத் தாண்டிய நூறு பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டிக்காட்டாது; தாவுவதைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த உடம்பின் மேல் நாள் முழுக்கக் குதிக்கும் குட்டியை ஏவிவிட்டு, "துணைக்கு இருக்கட்டும்" என்கிறோம். பெரியதற்குக் குட்டி ஏற முடியாத உயரத்தில் ஓர் இடம் வேண்டும். அதுவும் ஒரே தாவலில் இல்லாமல் ஸ்டூல், மேசை என்று படிப்படியாக ஏறும்படி இருக்க வேண்டும். குட்டி எல்லை மீறும்போது அது சீறினாலோ நகம் நீட்டாமல் ஒரு தட்டு தட்டினாலோ திட்டக்கூடாது. தாயையும் கூடப்பிறந்தவற்றையும் சீக்கிரமே பிரிந்த குட்டிக்கு எவ்வளவு கடிக்கலாம் என்பதே தெரியாது. அந்தப் பாடத்தை இப்போது பெரியது நடத்துகிறது. குட்டியைக் குறைந்தது எட்டு வாரம் தாயிடம் விடவேண்டும் என்பதும் இதற்காகத்தான். பின்லாந்தில் 5,700க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றிய 2017ஆம் ஆண்டு ஆய்வு, எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்டவை முரட்டுத்தனம் காட்டும் வாய்ப்பு அதிகம் என்று கண்டது.

சில வீடுகளுக்கு இரண்டாவது பூனையே வேண்டாம். சிறுநீரகம் கெட்டு மருந்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பூனை துணை கேட்கவில்லை, அமைதி கேட்கிறது. இரக்கத்தோடு வரும் எல்லாக் குட்டியையும் ஏற்க ஒரு வீட்டால் முடியாது என்று ஒப்புக்கொள்வதும் இரக்கம்தான். முடியாமல் போனபின் ஒன்றைச் சந்தையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவது பரவலாக நடக்கிறது. பெரும்பாலும் வெளியே போவது வயதானது, சாக்ஸுக்கு நடந்ததுபோல; ஆனால் சாக்ஸுக்கு இன்னொரு வீடாவது கிடைத்தது. பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது, இந்தியாவின் 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம்.

ஆகவே குட்டிகளைக் கைமாற்றும் ஒவ்வொருவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. காப்பகம் நடத்துவோர், தெருக்குட்டிகளை மீட்போர், விலைக்கு விற்போர், முதல் தடுப்பூசி போடும் மருத்துவர் எல்லோரும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, 'வீட்டில் வேறு பூனை இருக்கிறதா, அதற்கு என்ன வயது?' என்பது. மேலே சொன்ன முறைகளைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் குட்டியோடு சேர்த்துக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை. கருத்தடை அறுவைக்கான நாளையும் அதிலேயே குறித்துக் கொடுத்துவிடலாம். நான்கைந்து மாதத்திலேயே பெட்டைக்குட்டி சினைப்படக்கூடும்; கடுவன் குட்டி சுவரில் பீய்ச்சத் தொடங்கினால் அதுவரை கட்டிய சமாதானம் கலையும்.

அடுத்த முறை கூடை வீட்டுக்கு வரும்போது மூடி மூடியபடியே இருக்கட்டும். கூடத்தைத் தாண்டிக் குட்டியை அதன் அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, கதவைச் சாத்திவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு சோபாவின் வலது ஓரத்துக்கு வந்து, எட்டு வருடமாக அங்கே காத்திருப்பதன் பக்கத்தில், வழக்கமாக உட்காரும் நேரத்துக்கு உட்கார வேண்டும்.