பிரின்டருக்கும் தேவை பேக்கப்!

பொதுத்தேர்வு நேரம். பள்ளி அலுவலகத்தில் ஹால் டிக்கெட் பிரின்ட் எடுக்கிறார்கள். திடீரென ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது. அதன்பிறகு யாராலும் பிரின்ட் எடுக்க முடியவில்லை. பிரின்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பேப்பரும் டோனரும் இருக்கின்றன. பிறகு ஏன்?

படுத்தது 'பிரின்ட் சர்வர்'. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். எல்லோரும் அனுப்பும் ஃபைல்களை வாங்கி, வரிசைப்படி பிரின்டருக்கு அனுப்பும் கம்ப்யூட்டர்தான் அது. சின்ன ஆபீஸ்களில் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரே இந்த வேலையைச் செய்துவிடும்.

கணக்கு, கடிதம், போட்டோ எல்லாவற்றுக்கும் பேக்கப் வைத்திருப்பவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். வேறு கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம். ஆனால் எந்த பிரின்டருக்கு எந்த டிரைவர், என்ன ஐ.பி. முகவரி, எந்தப் பெயரில் ஷேர் செய்தார்கள் என்ற விவரமெல்லாம் பழைய ஹார்டு டிஸ்க்கோடு போய்விடும். பழைய மாடல் பிரின்டர் என்றால், டிரைவரைத் தேடியே பொழுது போய்விடும்.

இதற்கு விண்டோஸ் 'புரோ' எடிஷனிலேயே வழி இருக்கிறது.

* ஸ்டார்ட் மெனுவில் 'பிரின்ட் மேனேஜ்மென்ட்' என்று தேடித் திறக்கவும்.

* 'பிரின்ட் சர்வர்ஸ்' பகுதியில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, 'எக்ஸ்போர்ட் பிரின்டர்ஸ் டு எ ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பிரின்டர்கள், டிரைவர்கள், போர்ட் விவரங்கள் எல்லாம் ஒரே ஃபைலாகச் சேமிக்கப்படும்.

* அந்த ஃபைலை பென் டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் மட்டும் வைத்தால், பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்த கதைதான்!

* புது கம்ப்யூட்டரில் அதே இடத்துக்குப் போய் 'இம்போர்ட்' கொடுத்தால், எல்லாம் திரும்ப வந்துவிடும்.

'ஹோம்' எடிஷனில் பொதுவாக இந்த வசதி இருக்காது. அவர்கள் டிரைவர் இன்ஸ்டால் செய்யும் ஃபைலைச் சேமித்து, பிரின்டர் செட்டிங்ஸ் திரைகளை மொபைலில் போட்டோ எடுத்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, புது கம்ப்யூட்டருக்குப் பழைய கம்ப்யூட்டரின் பெயரையே வையுங்கள். மற்ற கம்ப்யூட்டர்கள் அந்தப் பெயரை வைத்துத்தான் பிரின்டரைத் தேடும். இரண்டு, பிரின்டரின் ஐ.பி. முகவரி மாறாமல் நிலையாக இருக்க வேண்டும். மூன்று, பழைய 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டுமே வருகிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் கம்ப்யூட்டர் மாற்றுபவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

பேக்கப் எடுத்ததும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வேலை குறைவான ஒரு சனிக்கிழமை, வேறொரு கம்ப்யூட்டரில் அந்த ஃபைலை இம்போர்ட் செய்து, ஒரே ஒரு பக்கம் பிரின்ட் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் சரியாக வந்தால்தான், உங்களிடம் இருப்பது நிஜமான பேக்கப்!