ஒரு மாதக் கெடு



வருட முடிவில் எங்கள் நிலையத்துக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதற்காக, கடந்த ஒரு வருடத்தில் எமது கிராமங்களிலிருந்து மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போன முறைப்பாடுகளின் பிரதிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தேன். கைது, தடுப்புக்காவல் போன்றவற்றுக்கு மட்டுமே உரிய அலுவலகம் அது என்றுதான் எம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ஆனால், நமது பெண்கள் கொண்டுபோன முறைப்பாடுகளில் அநேகமானவை ஓர் அரச அலுவலரின் மேசைக்கு முன்னால் நடந்தவை. வீட்டுத்திட்டப் பட்டியல், காணி அனுமதிப்பத்திரம், பிள்ளையின் பாடசாலை அனுமதி, வாசிக்கத் தெரியாத மொழியில் வந்த கடிதம் என்பவையே அவற்றின் காரணங்கள்.

இந்த ஆணைக்குழு 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. அரச அலுவலர் ஒருவரின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் அதை விசாரிப்பது அதன் கடமை. அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டப்படலாகாது என்கிறது. இந்த ஏழு காரணங்களுக்குள் 'விதவை', 'கணவன் காணாமற்போனவள்', 'புனர்வாழ்வு பெற்று வந்தவள்' என்ற சொற்கள் இல்லை. அதனால் நமக்கு இடமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று கூறும் 12(1) ஆம் உறுப்புரை நம் எல்லோருக்கும் உரியது.

ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறேன். அவரது கணவர் 2009 இல் காணாமற்போனவர். வீட்டுத்திட்டப் படிவத்தில் கணவரின் கையொப்பம் வேண்டும், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று அலுவலர் சொல்லியிருக்கிறார். "அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு முடிவெடுத்துக்கொண்டு வாங்கோ அம்மா" என்பது அவரது வார்த்தை. இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்க எந்த மனைவிக்குக் கை வரும்? இறப்பைப் பதியாமலே, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 இல் சட்டம் இடம் கொடுத்துள்ளது. அதைப் பற்றி அந்த மேசையில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அதே கிராமத்தில் மனைவியைக் காணாமற்போகக் கொடுத்த ஓர் ஆணும் விண்ணப்பித்திருந்தார். அவரிடம் மனைவியின் கையொப்பம் கேட்கப்படவில்லை. குடும்பத் தலைவர் என்றால் ஆண்தான் என்ற எண்ணம் அலுவலகத்துக்குள்ளும் இருக்கிறது. சமூகவியலில் இதைக் கட்டமைப்பு சார்ந்த பாரபட்சம் என்று படித்தோம். அந்தச் சகோதரி அதைப் படிக்கவில்லை. ஆனால், "அவரிட்டக் கேக்காததை என்னட்ட ஏன் கேட்டவை?" என்று முறைப்பாட்டில் எழுதுவித்தார். இதைவிடத் தெளிவான முறைப்பாட்டை நான் காணவில்லை. ஒரே நிலையில் உள்ள இருவர் வேறுவிதமாக நடத்தப்பட்டதை அது காட்டியது. ஆணைக்குழு விளக்கம் கேட்டு எழுதிய பின் அவரது பெயர் பட்டியலில் சேர்ந்தது.

எல்லா முறைப்பாடுகளும் இப்படி முடியவில்லை. தனியார் தொழிற்சாலையில் வேலை மறுக்கப்பட்ட தங்கைக்கு ஆணைக்குழுவால் உதவ முடியவில்லை. அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிரானது. தனியார் முதலாளி பற்றிய விடயத்தைத் தொழில் திணைக்களத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். சிங்களத்தில் மட்டும் கடிதம் வருவதை, 1991 ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் அறிவிக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுப்பது பரிந்துரைதான், நீதிமன்றத் தீர்ப்பல்ல. அந்த ஆணைக்குழுவே சுயாதீனம் பற்றிய கேள்விகளால் 2007 இல் சர்வதேச தரப்படுத்தலில் கீழிறக்கப்பட்டு, 2018 இல்தான் மீண்டும் 'ஏ' தரத்தைப் பெற்றது. அதன் எல்லையைத் தெரிந்துகொண்டே நாம் அங்கு போக வேண்டும்.

ஆனாலும், நான் பார்த்தவற்றுள் அதிகமானோரைத் தோற்கடித்தது இவையல்ல, காலம்தான். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் செல்ல அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தாலும் போதாது. விசாரணை உண்மையாகவே நடந்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியிருக்கிறது.

நமது பெண்களுக்கோ "அடுத்த கிழமை வாங்கோ", "பெரியவர் கூட்டத்துக்குப் போயிட்டார்" என்றே மாதங்கள் கழிகின்றன. பஸ் காசுக்கும் வழியில்லாமல், ஒருநாள் கூலியையும் இழந்து அலைகிறார்கள். யாரும் 'இல்லை' என்று எழுத்தில் கொடுப்பதில்லை. எந்த நாளில் மறுத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம். பொறுமையைப் பெண்ணின் குணம் என்று சொல்லி வளர்த்தார்கள். இந்த விடயத்தில் அந்தப் பொறுமையால் நமக்கு நட்டமே வருகிறது.

ஆகவே, சகோதரிகளே, இவற்றைச் செய்யுங்கள். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். எந்த அலுவலகம், எந்தத் திகதி, எந்தப் பதவியில் உள்ளவர், என்ன சொன்னார் என்பதை அன்றிரவே எழுதுங்கள். எழுத இயலாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதி எடுத்து, அதில் அலுவலகத் திகதி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை. உங்களுக்காக வேறொருவரும் கொடுக்கலாம். யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை ஆகிய இடங்களில் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. போக முடியாதவர்கள் 1996 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகும் மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்த இலக்கத்தைச் சொல்லி விசாரியுங்கள்.

உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். இந்த மாதத்துக்குள் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவர் கை உயர்த்தினாலும் அவருடன் இன்னொருவர் துணைக்குப் போகட்டும்.