மூளை ஜுரமும் ஜில்லா ஜாபிதாவும்

மாலை வேளையில் புகை யந்திரம் ஒன்று தெருவில் இரைந்துகொண்டு போய் மறைந்தால், அன்றைய கொசு ஒழிப்பு முடிந்தது என்று நம் ஸ்தல ஸ்தாபனங்கள் கருதி வருகின்றன. ஜனங்களும் அப்படியே நினைக்கப் பழகிவிட்டார்கள். புகை கண்ணுக்குத் தெரிகிறது. ஆகையால் ஏதோ நடக்கிறது என்ற திருப்தி உண்டாகிறது. ஆனால் ஜப்பானிய மூளை ஜுரம் என்று வைத்தியர்கள் கூறும் வியாதியைப் பொறுத்தவரை இந்தப் புகையால் விளையும் பலன் அற்பமே. தாம்பரத்தை அடுத்த திருமுடிவாக்கத்தைப் போன்ற ஓர் ஊரை நோக்கினால் இதன் காரணம் விளங்கும்.

திருமுடிவாக்கம் இன்று முழுக் கிராமமும் அன்று, முழுப் பட்டணமும் அன்று. ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை; மற்றொரு பக்கம் ஏரியும், வீட்டு மனையாகக் காத்துக் கிடக்கும் புல் முளைத்த நிலங்களும். இத்தகைய ஊரில் கொசு என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் ஒரே பிராணி அன்று. வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலும் தேங்கும் தெளிந்த நீரில் பிறந்து, பகலில் கடிப்பது டெங்கு ஜுரத்தைப் பரப்பும் கொசு. சாக்கடையில் பிறப்பது யானைக்கால் வியாதிக் கொசு. மூளை ஜுரத்தைக் கொண்டுவரும் க்யூலெக்ஸ் ஜாதிக் கொசுவோ நெல் வயலிலும் ஏரிக் கரையோரத்திலும் புல் மண்டிய மழைக் குட்டையிலும் பிறக்கிறது. அந்தி சாய்ந்த பின் வெளியே வந்து மாட்டையும் பன்றியையும் நாடுகிறது; மனிதனையும் இடையிடையே கடிக்கிறது. நகரசபைச் சிப்பந்தி வீடு வீடாகப் போய்ப் பானையைக் கவிழ்ப்பது டெங்குவுக்குச் சரியான சிகிச்சை. வயலில் பிறக்கும் கொசுவுக்கு அவர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

விஷக்கிருமி பெருகுவது பன்றியின் ரத்தத்திலும், கொக்கு, நாரை முதலிய நீர்ப்பறவைகளின் ரத்தத்திலுமாகும். மனிதனிடம் வந்ததும் அதன் பிரயாணம் முடிந்துவிடுகிறது. நோயாளியைக் கடித்த கொசு மற்றொருவருக்கு வியாதியைக் கொடுப்பதில்லை. தொழிற்பேட்டைகளுக்கு வடநாட்டிலிருந்து பிழைக்க வந்திருக்கும் தொழிலாளரே இவ்வியாதியைச் சுமந்து வருகிறார்கள் என்று எவரேனும் பேசினால், அது அறியாமைப் பேச்சு என்று நமது ஊழியர்கள் உடனே எடுத்துக் கூற வேண்டும். பறவைகளை விரட்டவும் நாம் சொல்லவில்லை. வேடந்தாங்கலைப் பல தலைமுறைகளாகக் காத்து வந்தது செங்கற்பட்டுச் சீமைக் குடிகளின் பெருமை. பன்றி வளர்ப்போர் ஏழைகள். பட்டிகளைக் குடியிருப்புகளுக்குத் தூரமாக அமைத்துக்கொள்ள அவர்களுக்கு இடமும் உதவியும் அளிப்பதே முறை.

நோயின் கொடுமையைச் சற்றுக் கவனிப்போம். கிருமி புகுந்த சுமார் 250 பேரில் ஒருவருக்கே கடும் வியாதி காண்கிறது. ஆனால் அப்படிக் கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரையில் இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது பேர் கை கால் முடங்கியோ, பேச்சிழந்தோ, அடிக்கடி வலிப்புக் கண்டோ எஞ்சிய ஆயுளைக் கழிக்கிறார்கள். பெரும்பாலோர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். கிருமியைக் கொல்லும் மருந்து இன்று வரை இல்லை. கடும் ஜுரம், தலைவலி, வாந்தியோடு வலிப்போ மயக்கமோ கண்டால் குழந்தையைத் தாமதமின்றி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது ஒன்றே செய்யத்தக்கது.

இது நமக்குப் புதிய விருந்தாளி அன்று. இந்தியாவில் மனிதரிடம் இவ்வியாதி முதன்முதல் கண்டறியப்பட்டது 1955-ல், நமது வட ஆற்காடு ஜில்லாவில், வேலூரில். பின்னர் 1973-ல் வங்காளத்தில் பாங்குராவிலும் பர்த்வானிலும் பரவியது. 2005-ல் கோரக்பூரையும் அதைச் சூழ்ந்த ஜில்லாக்களையும் தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. கசௌலியில் சுண்டெலி மூளையிலிருந்து செய்யப்பட்டு வந்த ஊசி மருந்து தேசத்துக்குப் போதவில்லை. 2006-ல் சீனாவிலிருந்து மருந்து தருவித்தோம். 2013-ல்தான், கர்நாடகத்துக் கோலாரில் எடுத்த கிருமியைக் கொண்டு புனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தாரின் ஒத்துழைப்புடன் ஹைதராபாத்தில் செய்யப்பட்ட சுதேசி மருந்து வெளிவந்தது. வேலூருக்கும் கோலாருக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்க நமக்கு ஐம்பத்தெட்டு வருஷங்கள் பிடித்தன!

மருந்து கிடைத்த பிறகு அதைப் பங்கிடும் விதத்தைப் பாருங்கள். நோய் மிகுந்தவை என்று குறிக்கப்பட்ட ஜில்லாக்களில்தான் சர்க்கார் இந்த ஊசியைக் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள்: 9 மாதம் நிறைந்ததும் ஒரு முறை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறு முறை. எது நோய் மிகுந்த ஜில்லா? எங்கே நோயாளிகள் கணக்கில் ஏறியிருக்கிறார்களோ அது. கணக்கில் ஏறுவது எப்போது? ரத்தத்தையோ முதுகெலும்பு நீரையோ எடுத்துப் பரிசோதித்து, இன்ன கிருமி என்று நிச்சயித்தால். அப்படிச் செய்யாவிட்டால் குழந்தை ‘காரணம் தெரியாத மூளை ஜுரம்’ என்ற தலைப்பில் அடங்கிவிடுகிறது. ஜில்லாவும் சுத்தமான ஜில்லாவாகவே நின்றுவிடுகிறது. சாட்சியைக் கூப்பிடாமலே, சாட்சியம் இல்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்யும் நீதிபதியை நாம் என்னவென்று சொல்வோம்?

ஜில்லா எல்லையோ மாந்தர் போட்ட கோடு. 2019-ல் காஞ்சிபுரம் ஜில்லாவைப் பிரித்துச் செங்கற்பட்டு ஜில்லா ஏற்பட்டது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. வயலும் கொக்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. கோடு போட்டு வியாதியை நிறுத்த முடியாது என்பதற்கு உண்ணியால் பரவும் கியாசனூர்க் காட்டு ஜுரமும் உதாரணம். மூளையையும் சில சமயம் தாக்கும் இந்த ஜுரம் 1957-ல் ஷிமோகா ஜில்லாவில் ஒரு காட்டில் குரங்குகள் மடிந்து விழுந்தபோது வெளிப்பட்டது. நெடுங்காலம் அப்பகுதிக்கே உரியது என்று எண்ணியிருந்தார்கள். 2012, 2013-ஆம் வருஷங்களில் அதே கிருமி பந்திப்பூரிலும், நமது நீலகிரிக் காட்டுக் குரங்குகளிடத்திலும், வயநாட்டிலும் காணப்பட்டது. அதற்கென இருந்த ஊசியும் போதிய பலனளிக்காமல் 2022-ல் நிறுத்தப்பட்டது. காட்டுக் கூலிகளின் வியாதி என்பதால்தானோ என்னவோ, நல்ல மருந்து தேட எவருக்கும் அவசரம் உண்டாகவில்லை.

நோயாளிகள் குறைவாயுள்ள இடத்தில் ஊசி போடுவது வீண் செலவு என்று பொக்கிஷக் காவலர் சொல்லலாம். ஜப்பான் தேசத்தார் இக்கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். அங்கே 1924-ல் ஆறாயிரம் பேருக்கு மேல் இவ்வியாதி கண்டது. பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். குழந்தைகளுக்கு ஊசி போட்டும், பன்றிப் பண்ணைகளை ஊர்ப்புறத்திலிருந்து அகற்றியும், இப்போது வருஷத்துக்குப் பத்துப் பேரளவில் அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். குளிர் மிகுந்ததென்று நெடுங்காலம் விலக்கி வைத்திருந்த ஹொக்கைடோ தீவையும் 2016-ல் ஊசித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நோய் குறைந்த பிறகு ஜாபிதாவை விரித்தார்களேயன்றிச் சுருக்கவில்லை.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. ராஜாஜி மந்திரிசபை காலத்தில் நிறைவேறிய 1939-ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. கொசு உற்பத்தியாகும் நீரை அகற்றும்படி நிலச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் அனுப்ப அது சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் அளிக்கிறது. விலையேற்றத்துக்காக மனைகளைப் புல்லும் நீருமாக விட்டிருக்கும் தனவான்களுக்கு எத்தனை நோட்டீஸ் போயிருக்கிறது? வயல்களில் வேப்பம் பிண்ணாக்கும், இடைவிட்டு நீர் பாய்ச்சலும் கொசுப் புழுவைக் குறைக்கின்றன என்று மதுரையிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தார் பரீட்சித்துக் காட்டியிருக்கிறார்கள். அது மிராசுதாரர்களின் காதுக்கு எட்டியதா?

கிண்டியில் 1899-ல் ஸ்தாபிக்கப்பட்ட கிங் இன்ஸ்டிட்யூட் திருமுடிவாக்கத்திலிருந்து வெகு தூரத்தில் இல்லை. வருகிற சட்டசபைக் கூட்டத்தில் புறநகர்த் தொகுதிகளின் அங்கத்தினர்கள் மந்திரியிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: சென்ற பன்னிரண்டு மாதங்களில் தாம்பரம், பல்லாவரம், குன்றத்தூர் பகுதிகளிலிருந்து மூளை ஜுரத்துடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பரிசோதனை செய்யப்பட்டது? பதில் கிடைக்கும் வரையில், ஜாபிதாவைப் பாராமல், அப்பகுதிக் குழந்தைகள் அனைவருக்கும் ஊசி போடச் சர்க்கார் உத்தரவிட வேண்டும்.