ஸ்லாட் கார் தடத்தை மக்களிடம் கொண்டுபோவோம்

முக்கொம்புப் பக்கம் எங்கள் சங்கத்துக் கொட்டகையில் ஒரு பலகைத் தடம் இருக்கிறது. அதன் பள்ளத்தின் இருபுறச் செப்புப் பட்டையில் 12 வோல்ட் மின்சாரம் வாங்கிக் குட்டிக் கார் சீறும். 1957இல் இங்கிலாந்தின் பிரெட் பிரான்சிஸ் ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ பொம்மையாகக் கொண்டுவந்த அதே வித்தைதான். 1960களில் அமெரிக்காவெங்கும் முளைத்த தடக்கூடங்கள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மளமளவென்று மூடின; நண்பர்கள் கூடி நடத்திய சங்கங்கள் மிஞ்சின.

இங்கும் ஆள் குறைகிறது. சந்தாவை உயர்த்தச் சொல்கிறார்கள், நான் ஒப்பமாட்டேன். புதிதாக வரும் பிள்ளையிடம் சொந்தக் கார் கேட்காதீர்கள், சங்கத்துக் காரைக் கொடுங்கள். வளைவில் தெறித்து விழும் காரை எடுத்துவைக்கும் பொறுப்பையும் கொடுங்கள், அதில்தான் ஒட்டிக்கொள்வார்கள். ஆடிப்பெருக்கன்று முக்கொம்பு மேலணைப் பூங்காவுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்களே! அனுமதி வாங்கி, தடத்தைக் கழற்றி அங்கே போடுவோம். பேட்டரி போதும். வண்டி வாடகையை நான் தருகிறேன்.