மூன்று நாள் ரயில், தொண்ணூறு நிமிட ஆட்டம்

கோவையில் ரயில் ஏறினால் சில்சர் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நாள். அங்கிருந்து ஐஸால் இன்னும் 170 கிலோமீட்டர் சொச்சம். டாடா சுமோவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மலையேற வேண்டும். வைரெங்டே சோதனைச் சாவடியில் 'இன்னர் லைன் பர்மிட்'டைக் காட்டாமல் நகர முடியாது. மழைக்காலத்தில் மண் சரிந்துவிட்டால், ஜே.சி.பி. வந்து வழி விடும்வரை சாலையோரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். பணம் உள்ளவர் கொல்கத்தாவிலிருந்து லெங்புய்க்குப் பறந்துவிடுவார். அவரும் அதற்குப் பிறகு மலைப்பாதையில்தான் போயாக வேண்டும்.

இத்தனை பாடும் முல்புய் ராஜீவ் காந்தி ஸ்டேடியத்தில் ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்க. அதுவும் இரண்டாம் நிலை லீக் ஆட்டம்.

மிசோரமில் சமதளம் என்பது கிட்டத்தட்ட ஆடம்பரப் பொருள். கிராமத்துக்கு ஒரு மைதானம் வேண்டுமென்றால் குன்றின் தலையைச் சீவ வேண்டும். ஐஸாலின் தென்புறம் உள்ள முல்புயில் செயற்கைப் புல்தரை. சுற்றிலும் சரிவுகளில் அடுக்கி வைத்தாற்போல் வீடுகள். சுமார் 11 லட்சம் பேர் மட்டுமே உள்ள (2011 கணக்கு) மாநிலம் 2014இல் சந்தோஷ் கோப்பையை வென்றது. சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஜெஜெ லால்பெக்லுவா இந்த மண்ணின் பிள்ளைதான். 2023இல் எம்.எல்.ஏ.வும் ஆகிவிட்டார்.

முல்புயை இரண்டாம் நிலை மைதானம் என்று சொல்லும்போது கொஞ்சம் நாக்கு கூசத்தான் வேண்டும். 2016இல் ஐஸால் எஃப்.சி. ஐ-லீகிலிருந்து கீழே தள்ளப்பட்டது. கோவா கிளப்புகள் சில விலகியதால் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மும்பை எஃப்.சி. கழற்றிவிட்ட காலித் ஜமீல் பயிற்சியாளராக வந்தார். 2017 ஏப்ரல் 22 அன்று மோகன் பகான் அணி இங்கே வந்து 0-1 என்று தோற்றுத் திரும்பியது. எட்டு நாள் கழித்து ஷில்லாங்கில் 1-1 டிரா. 37 புள்ளிகளுடன் ஐஸால் இந்தியாவின் சாம்பியன். மோகன் பகானுக்கு 36. வடகிழக்கிலிருந்து எந்த கிளப்பும் அதற்குமுன் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை.

அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள்ளேயே பேச்சு மாறிவிட்டது. பணமும் டி.வி.யும் உள்ள ஐ.எஸ்.எல். தான் இனி முதல் லீக் என்ற ஏற்பாடு உருவாகிக்கொண்டிருந்தது. சாம்பியனை வெளியே நிறுத்தினால் உண்ணாவிரதம் இருப்போம் என்று ஐஸால் கிளப் எச்சரித்தும் பார்த்தது. பயன் இல்லை. 2022-23 முதல் ஐ-லீக் அதிகாரபூர்வமாகவே இரண்டாம் படி. ஐஸாலை இந்தப் படிக்கு இறக்கியது மைதானத்தில் வாங்கிய தோல்வி அல்ல. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த முடிவு. 2019இல் இதே பட்டத்தை வென்ற, கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதி இன்னும் மோசம்: 2021-22இல் அந்த அணி லீகிலேயே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பாதை மட்டும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2025 செப்டம்பர் 13இல் பைரபி-சாய்ராங் ரயில் பாதை திறக்கப்பட்டது. 51 கிலோமீட்டர் நீளம். ஒரு பாலத்தின் தூண் 114 மீட்டர்: குதுப் மினாரைவிட உயரம். சாய்ராங்கிலிருந்து ஐஸால் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஐஸால் சாம்பியனாக இருந்தபோது தலைநகர் பக்கமே ரயில் வரவில்லை. ரயில் வந்தபோது முதல் நிலை லீக் போய்விட்டிருந்தது.

ஆட்டம் பார்க்கப் போகிறவர் காலண்டரையும் பார்த்துக்கொள்வது நல்லது. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள ஐஸாலில் ஞாயிறு என்றால் கடைத்தெருவே அடைத்திருக்கும். சனிக்கிழமை ஆட்டம் பார்த்துவிட்டு திங்கள் அதிகாலை சுமோவில் சில்சர் திரும்ப நினைப்பவர், சீட்டைச் சனிக்கிழமையே, ஆட்டத்துக்கு முன்பே, எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.