வேலி எங்கே? எத்தகைய வேலி?

2024 நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவு மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம், மத்ரஸா மாணவர் வீடு திரும்பிய உழவு இயந்திரத்தைக் கவிழ்த்தது. எண்மர் மாண்டனர். வீதியோரமெங்கும் இரும்பு வேலி இடுக என்று இத்தகைய வேளைகளில் குரல் எழுவது இயல்பே.

ஆனால், 2025 செப்டெம்பர் 4ஆந் திகதி, எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் வண்டியொன்று பாதுகாப்பு வேலியை உடைத்துக்கொண்டே பள்ளத்தில் வீழ்ந்தது, பதினைவர் மாண்டனர். ஆட்டுக்கு இடும் வேலி எருமையைத் தடுக்காதென்பதை உழவர் அறிவர். காரின் பாரத்துக்கு அமைத்த உருக்குத் தகடு, ஆள் நிறைந்த பஸ்ஸைத் தாங்காது. அங்கே வலிய கொங்கிறீற்றுத் தடுப்பு வேண்டும். தேவையற்ற இடத்திலோ வேலியே மோதும் பொருளாகும், பணமும் விரயம்.

வயலூடு செல்லும் எமது வீதிகளுக்கு வேலி மட்டும் போதாது. வெள்ளத்தில் விளிம்பு காட்டும் கம்பங்களும், நீர்மட்டங் காட்டும் கோலும், உரிய வேளையில் வீதியை மூடும் ஒழுங்கும் வேண்டும். இவை செலவிற் சிறியன, பயனிற் பெரியன.

கல்முனைக் கரையோரத்தின் ஆபத்தான இடங்களை வீதி அபிவிருத்தி அதிகார சபை அளந்து, முந்தியது எது, பிந்தியது எது என்று பட்டியலிட்டு, அதனை மக்கள் முன் வைக்க வேண்டுமென நாம் கோருகின்றோம். அடுத்த மாரிக்கு முன் இது நடைபெறாவிடின், பின்னர் நேர்வதை விதியென்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை.